ஸ்பானிஷில் 'வெர்தே' என்றால் பச்சை மட்டும்தானா?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. மாட்ரிட்டில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் மேலாளர் 'தோதாவியா எஸ்தாஸ் வெர்தே' என்றார். பக்கத்து மேசைக்காரர் 'தே புசியெரோன் வெர்தே' என்று காதோடு சொன்னார். எக்வடோர்க்காரர் நடத்தும் உணவகத்தின் பட்டியலில் 'போலோன் தே வெர்தே' என்று இருந்தது. 'வெர்தே' என்றால் பச்சை என்றுதானே படித்தோம், இவற்றில் பச்சை நிறம் எங்கே என்பது உங்கள் கேள்வி. மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றிலுமே நிறத்தைப் பற்றிய பேச்சு இல்லை. முதல் வாக்கியம் உங்களுக்கு இன்னும் அனுபவம் போதாது என்கிறது. இரண்டாவது, உங்களைத் திட்டித் தீர்த்தார்கள் என்கிறது. மூன்றாவதில் இருப்பது வாழைக்காய்.

தமிழ் பேசுகிறவருக்கு இந்தச் சொல் சீக்கிரமே பிடிபட வேண்டும். நம் 'பச்சை'யும் நிறத்தோடு நிற்பதில்லை. பச்சை விறகு எரியாது. பச்சையாகப் பேசுகிறவனைக் கண்டால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஈரம் வற்றாதது, முற்றாதது, மறைக்காமல் ஆபாசமாக வருவது என்று பல பக்கம் கிளைவிடும் சொல் அது. 'வெர்தே'யும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் போகிறது. முக்கியமாக ஓரிடத்தில் இரண்டும் பிரிகின்றன, தமிழர் வழுக்குவது அங்கேதான். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ஸ்பானிஷில் 'வ' வரிசைக்கென்று தனி ஒலி கிடையாது. வாக்கியத்தின் தொடக்கத்திலும், 'ன்', 'ம்' ஒலிகளுக்குப் பின்னும் 'பெங்களூர்' என்பதில் வரும் 'பெ' போல உதடுகளை மூடித் திறந்து சொல்ல வேண்டும். உயிரொலிக்குப் பின் வரும்போது உதடுகள் முழுதாக ஒட்டாது. 'லா காசா வெர்தே' என்று சொல்லும்போது கிட்டத்தட்ட நம் 'வ' போலவே கேட்கும். மேல்பல்லைக் கீழுதட்டில் அழுத்தி ஆங்கில 'வி'யாகச் சொன்னால் அயல்வாடை அடிக்கும். 'தே'யை 'அது' என்பதில் வரும் 'து' போல மென்மையாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் பழகிய வாயில் அது 'டே' என்று வரப் பார்க்கும், வரவிடாதீர்கள். அழுத்தம் முதல் அசையில். எழுத்தில் இங்கே வசதிக்காக 'வெர்தே' என்றே எழுதுகிறேன்.

இலக்கணத்தில் தொல்லை குறைவு. ஸ்பானிஷ் பெயரடை பெரும்பாலும் ஆண்பால், பெண்பாலுக்கு ஏற்ப 'ஓ', 'ஆ' என்று மாறும். 'ஏ'யில் முடிவதால் 'வெர்தே' மாறுவதில்லை. 'கோச்சே வெர்தே' பச்சைக் கார், 'காசா வெர்தே' பச்சை வீடு. பன்மைக்கு மட்டும் 'ஸ்' சேரும்: 'ஓஹோஸ் வெர்தேஸ்', பச்சைக் கண்கள். நிறச்சொல் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும். முன்னால் வைத்தால் செய்யுள் வாசனை வந்துவிடும்.

சாயலைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். கரும்பச்சை 'வெர்தே ஒஸ்கூரோ', இளம்பச்சை 'வெர்தே கிளாரோ'. கரும்பச்சைச் சட்டைகள் என்னும்போது சட்டை பன்மையாகும், ஆனால் நிறத்தொடர் அப்படியே ஒருமையில் நிற்பதே வழக்கம்: 'கமிசாஸ் வெர்தே ஒஸ்கூரோ'. சட்டைக்குரிய பெண்பாலையும் பன்மையையும் ஏற்றி 'வெர்தேஸ் ஒஸ்கூராஸ்' என்று எழுதுவது கற்கிறவர்களின் வழக்கமான பிழை. அங்கே சாயல் 'வெர்தே' என்ற நிறப்பெயருக்குத்தான், சட்டைக்கு அல்ல. பொருள்களின் பெயரால் வரும் சாயல்களும் அப்படித்தான்: 'வெர்தே பொதேயா' (புட்டிப் பச்சை), 'வெர்தே ஒலீவா', 'வெர்தே எஸ்மெரால்தா' (மரகதப் பச்சை), 'வெர்தே மன்சானா' (ஆப்பிள் பச்சை), 'வெர்தே மூஸ்கோ' (பாசிப் பச்சை). பச்சை உடை உடுத்திய பெண் 'வெஸ்தீதா தே வெர்தே'. சுவருக்குப் பச்சை அடிப்பது 'பின்தார் தே வெர்தே'. இந்த இரண்டிலும் 'தே' என்ற இடைச்சொல்லை விடக்கூடாது.

இனி முக்கியமான இடம். ஸ்பானிஷில் 'இருக்கிறது' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள். ஒன்றின் இயல்பைச் சொல்ல 'செர்' ('எஸ்', 'சோய்' அதன் வடிவங்கள்), இப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்' ('எஸ்தா', 'எஸ்தாஸ்', 'எஸ்தோய்' அதன் வடிவங்கள்). 'வெர்தே'யின் பொருள் பெரும்பாலும் இந்த வினையில்தான் தீர்மானமாகிறது. 'லா மன்சானா எஸ் வெர்தே' என்றால் அந்த ஆப்பிளின் நிறம் பச்சை. அது பழுத்து இனித்தாலும் பச்சைதான், வகை அப்படி. 'லா மன்சானா எஸ்தா வெர்தே' என்றால் ஆப்பிள் இன்னும் காய், பொறுத்திருங்கள் என்று பொருள். சிவப்பு ரக ஆப்பிளைக்கூடப் பறிக்கும் பருவம் வரவில்லை என்றால் 'எஸ்தா வெர்தே' என்பார்கள். கருநீல நிறத்தில் பழுக்கும் பிளம்ஸுக்கும் இதே சொல்தான். ஆக, 'எஸ்தா வெர்தே' என்று காதில் விழுந்தால் நிறத்தை மறந்துவிட்டு 'காய்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ச்சொல் 'மதூரோ', அதாவது பழம்.

தமிழில் காய், பழம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு மாங்காய், மாம்பழம் என்று பிரித்துவிடுகிறோம். ஸ்பானிஷ் அதே வேலையை இந்த இரண்டு பெயரடைகளால் செய்கிறது. மாங்காய் 'மாங்கோ வெர்தே'. எல் சால்வதோரிலும் குவாத்தமாலாவிலும் தெருவோரம் மாங்காயைச் சீவி உப்பும் எலுமிச்சையும் போட்டு, வறுத்து அரைத்த பூசணி விதைப் பொடியைத் தூவித் தருவார்கள். கொலம்பியாவில் அதே மாங்காய் 'மாங்கோ பீச்சே'. காய்ப்பருவத்துக்கு அங்கே 'பீச்சே' என்ற தனிச்சொல் உண்டு.

எக்வடோரின் கரையோரத்தில் இந்தப் பெயரடையே பெயர்ச்சொல் ஆகிவிட்டது. அங்கே 'உன் வெர்தே' என்றால் ஒரு வாழைக்காய், 'உன் மதூரோ' என்றால் ஒரு வாழைப்பழம், அதுவும் சமைக்கிற மொந்தன் போன்ற ரகம். தோல் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் இடைப்பருவத்துக்கு 'பின்தோன்', நம் செங்காய். நீங்கள் பட்டியலில் பார்த்த 'போலோன் தே வெர்தே' குவாயாக்கில், மனாபி பக்கத்துக் காலை உணவு. தோல் முழுக்கப் பச்சையாக உள்ள கெட்டி வாழைக்காயைத் துண்டுகளாக்கி, வெண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ சிறு தீயில், முறுகாமல் மெத்தென ஆகும்வரை வேகவைப்பார்கள். சூடு ஆறுமுன் மசித்து, துருவிய பாலாடைக்கட்டியோ வறுத்த பன்றி இறைச்சியோ சேர்த்து, எலுமிச்சையைவிடப் பெரிய உருண்டையாகப் பிடித்து, மேல்புறம் மொறுமொறுப்பாகும்படி மறுபடி பொரிப்பார்கள். இதற்குக் காய் காயாகவே இருக்க வேண்டும். 'பின்தோன்' ஆகிவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகத் தொடங்கியிருக்கும். உருண்டை பிடிக்க வராது, இனிக்கும், எண்ணெயில் சீக்கிரம் கருகும். ஆறவிட்டு மசித்தாலும் இறுகிப்போய் விரியும். சந்தையில் 'வெர்தே' கேட்டால் கடைக்காரர் நிறத்தைப் பார்ப்பதைவிடக் காயை அமுக்கிப் பார்த்துத் தருவதற்குக் காரணம் இதுதான்.

சமையல் சொற்களில் இன்னொரு குழப்பம் 'சல்சா வெர்தே'. நாட்டுக்கு நாடு அது வேறு வேறு பண்டம். ஸ்பெயினில், குறிப்பாக பாஸ்க் பகுதியில், ஆலிவ் எண்ணெய், பூண்டு, வெள்ளை ஒயின், மீன் சாறு, நிறையப் பார்ஸ்லி சேர்ந்த குழம்பு. 'மெர்லூசா' என்ற மீனை அதில் வேகவைப்பார்கள். காரம் இருக்காது. மெக்சிகோவிலோ அது காரச் சட்னி. அடிப்படைப் பொருள் 'தொமாத்தே வெர்தே'. இதைத் தக்காளிக்காய் என்று மொழிபெயர்த்துச் சமைத்தால் கெட்டது. மெக்சிகோவின் நடுப்பகுதியில் சிவப்புத் தக்காளிக்கு 'ஹிதொமாத்தே' என்று தனிப்பெயர். 'தொமாத்தே வெர்தே' என்பது காகிதம் போன்ற உறைக்குள் விளையும் வேறு காய், நம் சொடக்குத் தக்காளியின் உறவு. அரைக் கிலோ எடுத்து உறையை உரித்து, மேலே பிசுபிசுவென்று இருக்கும் பசையை வெந்நீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் கசப்பு தட்டும். இரண்டு மூன்று பச்சை மிளகாயுடன் எட்டு முதல் பத்து நிமிடம் வேகவைத்தால் பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறம் வரும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். வெடிக்கவிட்டால் சாறெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு சேர்த்து அரைத்தால் சட்னி தயார். தக்காளிக்காயில் செய்தால் அந்தப் புளிப்பும் வழவழப்பும் வராது.

பீன்ஸ் வாங்கப் போனாலும் நாட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஸ்பெயினில் 'ஹுதியாஸ் வெர்தேஸ்', சிலியில் 'பொரோத்தோஸ் வெர்தேஸ்'. மெக்சிகோவில் 'எஹோத்தெஸ்', அர்ஜென்டினாவில் 'ச்சவுச்சாஸ்', பெருவில் 'வைனீத்தாஸ்' என்று பச்சையே இல்லாத பெயர்கள். வெங்காயத்தாள் அர்ஜென்டினாவில் 'செபோயா தே வெர்தேயோ'. அதே 'வெர்தேயோ' தென் ஸ்பெயினில் ஆலிவ் பழுக்குமுன் ஊறுகாய்க்காகக் காயாகப் பறிக்கும் அறுவடையின் பெயர். பச்சை ஆலிவும் கறுப்பு ஆலிவும் வேறு வேறு மரத்தினுடையவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பறிக்கும் பருவம்தான் வேறு. திராட்சைத் தோட்டத்தில் 'வெந்தீமியா என் வெர்தே' என்றால் குலைகள் பழுக்குமுன்பே ஒரு பகுதியைக் காயாக வெட்டி எறிவது. மிஞ்சும் குலைகளுக்குச் சத்து ஏறுவதற்காக. 'லேஞ்ஞா வெர்தே' நம் பச்சை விறகேதான், புகையும். வறுக்காத காபிக்கொட்டை 'கஃபே வெர்தே'.

எட்டாத பழத்தைப் பற்றி நரி சொன்னதை நாம் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்கிறோம். ஸ்பானிஷ் நரி 'எஸ்தான் வெர்தேஸ்' என்கிறது, அவை காய்களாம். கிடைக்காததை இகழ்பவரைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லிக்காட்டுவார்கள்.

காயிலிருந்து மனிதருக்கு ஓரடிதான். 'எஸ்தா வெர்தே' என்று ஒருவரைச் சொன்னால் பயிற்சி போதாதவர், இன்னும் பக்குவப்படாதவர் என்று பொருள். எதில் என்று சொல்ல 'என்' சேர்க்கவும்: 'எஸ்தோய் வெர்தே என் மத்தெமாத்திகாஸ்', கணக்கில் நான் இன்னும் தேறவில்லை. திட்டத்துக்கும் சொல்வார்கள். 'எல் ப்ரொயெக்தோ எஸ்தா வெர்தே' என்றால் திட்டம் இன்னும் கனியவில்லை, வெளியே எடுத்துச் செல்லும் நிலையில் இல்லை. இதில் வசை இல்லை. காய் நாளைக்குப் பழுக்கும் என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. உங்கள் மேலாளர் சேர்த்த 'தோதாவியா' என்பது 'இன்னும்'. 'இன்னும் காயாக இருக்கிறாய்' என்று அவர் சொன்னதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே வினையை மாற்றினால் ஆபத்து. தன்னைப் பற்றி 'சோய் வெர்தே' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 'செர்' போட்டால் அனுபவக்குறைவு என்ற பொருள் போய்விடும். அரசியல் பேச்சானால் சூழலியல் கட்சிக்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள், மற்ற இடங்களில் ஆபாசப் பேர்வழி என்று ஒப்புக்கொண்டது போலாகும்.

அந்த ஆபாசப் பொருளைப் பார்ப்போம். 'ச்சிஸ்தே வெர்தே' என்றால் பச்சையான நகைச்சுவை. தமிழும் ஸ்பானிஷும் ஒரே நிறத்துக்கு வந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு தரும். ஆங்கிலத்தில் இதற்கு நீலம், அங்கிருந்துதான் நமக்கு 'நீலப்படம்' வந்தது. ஸ்பானிஷில் 'அசூல்' என்ற நீலத்துக்கு அந்தக் கறை கிடையாது. 'ப்ரின்சிபே அசூல்' என்றால் பெண் கனவு காணும் இளவரசன். ஆகவே நீலப்படத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் யாருக்கும் புரியாது. மெக்சிகோவில் பச்சையான நகைச்சுவையை 'ச்சிஸ்தே கொலொராதோ', அதாவது சிவப்பு என்றும் சொல்கிறார்கள்.

'வியேஹோ வெர்தே' பச்சைக் கிழவன்: வயதுக்கு ஒவ்வாத காமப் பேச்சும் பார்வையும் உள்ளவர். பெண்ணுக்கு 'வியேஹா வெர்தே'. மெக்சிகோவில் 'ராபோ வெர்தே', சொல்லுக்குச் சொல் 'பச்சை வால்'. இது எப்படி வந்தது என்றால், 'வெர்தோர்' என்ற சொல்லுக்குப் பசுமை என்பதோடு இளமைத் துடிப்பு, வலிமை என்ற பொருளும் உண்டு. முதுமை என்பது காய்ந்த மரம், இளமை என்பது சாறு ஓடும் மரம். கிழவரிடம் இன்னும் சாறு ஓடுகிறது என்பதே மூலக் கருத்து. அது முதலில் வியப்பாகச் சொல்லக்கூடியதாகவும் இருந்தது, பிறகு இகழ்ச்சியாக உறைந்துவிட்டது. இன்று அது கடுமையான குற்றச்சாட்டு. 'ச்சிஸ்தே வெர்தே' என்று ஒரு நகைச்சுவையை வகைப்படுத்தலாம், தவறில்லை. ஒருவரை 'வியேஹோ வெர்தே' என்று அலுவலகத்தில் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

உங்கள் இரண்டாவது வாக்கியம் 'போனெர் வெர்தே அ அல்கியென்' என்ற தொடர். 'போனெர்' என்றால் வைப்பது, ஆக்குவது; நீங்கள் கேட்ட 'புசியெரோன்' அதன் இறந்தகால வடிவம். ஒருவரைப் பச்சையாக்குவது என்றால் அவரை வாய்க்கு வந்தபடி குறைகூறித் தீர்ப்பது. நேரிலும் நடக்கலாம், முதுகுக்குப் பின்னாலும் நடக்கலாம். நீங்கள் கேட்ட வாக்கியத்தில் யார் என்று குறிப்பிடாத பன்மை இருப்பதால், நீங்கள் இல்லாத இடத்தில் நடந்ததாகவே படுகிறது. இது முதன்மையாக ஸ்பெயின் வழக்கு. பலரைத் திட்டினால் 'நோஸ் புசியெரோன் வெர்தேஸ்' என்று பன்மை ஏறும். தமிழில் 'பச்சை பச்சையாகத் திட்டினான்' என்பதோடு இதைக் கலந்துவிடாதீர்கள். அதில் கெட்ட வார்த்தைகள் உண்டு, இதில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு கெட்ட சொல்லும் இல்லாமல் ஒரு நூலை விமர்சகர் 'வெர்தே' ஆக்கலாம்.

'போனெர்ஸே வெர்தே' என்று தன்னிலை வினையாக வந்தால் தானே பச்சையாவது. 'வெர்தே தே என்வீதியா' பொறாமையில் பச்சையாகிப் போனவர். சாலை விளக்குக்கு மட்டும் 'என்' தேவை: 'எல் செமாஃபொரோ ஸே புசோ என் வெர்தே', விளக்கு பச்சைக்கு மாறியது. இதிலிருந்துதான் 'தார் லூஸ் வெர்தே'; நாம் பச்சைக்கொடி காட்டுகிறோம், அவர்கள் பச்சை விளக்கு தருகிறார்கள். செய்தித்தாளில் தினமும் காணலாம்.

மேலே சொன்ன பிரியும் இடம் இதுதான். சமைக்காதது, காய்ச்சாதது என்ற பொருளில் 'வெர்தே' வராது. அதற்கு 'க்ரூதோ', பெண்பாலில் 'க்ரூதா'. பச்சை முட்டை 'உவேவோ க்ரூதோ', பச்சை மீன் 'பெஸ்காதோ க்ரூதோ', பச்சை இறைச்சி 'கார்னே க்ரூதா'. 'கார்னே வெர்தே' என்று சொன்னால் கெட்டுப்போய்ப் பச்சை பூத்த இறைச்சியைத்தான் எதிரே இருப்பவர் கற்பனை செய்வார். காய்ச்சாத பால் 'லேச்சே க்ரூதா'. வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துக்கொள்வதும் 'க்ரூதா'தான். ஒரே காய்க்கு இரண்டும் பொருந்தலாம்: பறிக்கும் பருவம் வராத தக்காளி 'வெர்தே', பழுத்தும் அடுப்பில் ஏறாத தக்காளி 'க்ரூதோ'. மரம் செய்ய வேண்டிய வேலை முடியவில்லை என்றால் 'வெர்தே', அடுப்பு செய்ய வேண்டிய வேலை முடியவில்லை என்றால் 'க்ரூதோ' என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறாது. காபிக்கொட்டை மட்டும் இதற்கு விலக்கு.

நம் மற்றப் பச்சைகளும் அங்கே செல்லாது. பச்சரிசியை 'அர்ரோஸ் வெர்தே' என்று கேட்டால் மெக்சிகோவில் மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்துவிட்ட சோறு வரும். பச்சரிசி அங்கே வெறும் 'அர்ரோஸ்', புழுங்கலரிசிக்குத்தான் 'வபோரிசாதோ' என்ற அடைமொழி. பச்சைப் பொய் 'மென்தீரா தெஸ்கராதா', வெட்கமற்ற பொய். பச்சைக் குழந்தை 'ரெசியென் நசீதோ', அப்போதுதான் பிறந்தது. பச்சைப் பட்டாணிக்கு ஸ்பெயினில் 'கிசாந்தெஸ்' என்றாலே போதும்.

பொது இடங்களில் வரும் 'வெர்தே'கள் ஊரைப் பொறுத்தவை. 'சோனா வெர்தே' என்றால் பூங்கா, மரம் நடுவதற்கு ஒதுக்கிய இடம். மாட்ரிட்டில் கார் ஓட்டுபவருக்கு அதே தொடர் வேறு: தரையில் பச்சைக் கோடு போட்ட நிறுத்துமிடம், அந்த வட்டாரவாசிகளுக்கு முன்னுரிமை உள்ளது. வெளியார் அதிக நேரம் நிறுத்த நீலக் கோட்டைத் தேட வேண்டும். குப்பையில் பச்சைத் தொட்டி கண்ணாடிப் புட்டிகளுக்கு. காகிதம் நீலத்துக்கு, பிளாஸ்டிக் உறைகள் மஞ்சளுக்கு. 'வீயா வெர்தே' என்பது ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட தடத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றிய பாதை. ஸ்பெயினில் 1993 முதல் இப்படிப் பல தடங்களை மாற்றி வருகிறார்கள்.

'மரேயா வெர்தே' (பச்சை அலை) என்ற தொடரை எங்கே கேட்டோம் என்பதைப் பார்க்காமல் மொழிபெயர்க்கவே கூடாது. ஸ்பெயினில் அது 2011இல் மாட்ரிட்டில் பச்சைச் சட்டை அணிந்து அரசுப் பள்ளிகளுக்கான நிதி வெட்டை எதிர்த்த ஆசிரியர், பெற்றோர் இயக்கம். அர்ஜென்டினாவில் அது கருக்கலைப்பு உரிமை கேட்ட பெண்கள் இயக்கம். 2005இல் தொடங்கிய பரப்புரையின் அடையாளமாகிய பச்சைத் துணியைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 2020 டிசம்பர் 30 அன்று சட்டம் நிறைவேறியது. அந்தத் துணி பிறகு லத்தீன் அமெரிக்கா முழுதும் பரவியது. அதே அர்ஜென்டினாவில் 'உனோஸ் வெர்தேஸ்' குடிக்கலாம் என்று அழைத்தால் அது மாத்தே என்ற இலைப்பானம். 'சியென் வெர்தேஸ்' கேட்டால் நூறு டாலர்.

கிளைச்சொற்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். மூலம் லத்தீனின் 'விரிதிஸ்'. 'வெர்தோசோ' பச்சைச்சாயல் உள்ளது. 'ரெவெர்தெசெர்' மறுபடி தளிர்ப்பது. 'வெர்தின்' ஈரச் சுவரில் படரும் பாசி. 'வெர்தூரா' காய்கறி, 'வெர்துலெரோ' காய்கறிக்காரர். இதையே பெண்பாலாக்கி ஒரு பெண்ணைப் பார்த்து 'வெர்துலெரா' என்றால் வாயாடி, நாகரிகமில்லாதவள் என்ற வசையும் ஆகும். காய்கறி விற்கும் அம்மாவைக் குறிக்கும்போது சொல்லும் தொனியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'வெர்தூகோ', தூக்குத் தண்டனை நிறைவேற்றுபவர். அவருக்கும் பச்சைக்கும் என்ன உறவு? முதலில் அந்தச் சொல் மரத்தில் விடும் பச்சைக் கொழுந்துக் கிளையைக் குறித்தது. அதை வெட்டி அடித்ததால் சாட்டையானது. சாட்டை பிடித்தவர் தண்டிப்பவரானார். புளியம் விளாரால் அடி வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். உண்மை என்று பொருள்படும் 'வெர்தாத்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, காதில் மட்டுமே ஒத்திருக்கிறது.

மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். 'சீ, எஸ்தோய் வெர்தே, பெரோ அப்ரெந்தோ ராபிதோ' என்று சொல்லலாம்: ஆமாம், இன்னும் பழகவில்லை, ஆனால் சீக்கிரம் கற்றுக்கொள்வேன். 'எஸ்தோய்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள், வாய் தவறி 'சோய்' வந்துவிட வேண்டாம்.